இல்லாததெல்லாம் ஒரு குறையா?

பிழைதிருத்துபவர் இவ்வுலகில் அஞ்சிய சொல் ஒன்றே ஒன்றுதான். அது "ஏங்க."

கீழ்த்தளத்துத் தையல் இயந்திரத்தின் அருகிலிருந்து அச்சொல் புறப்படும். படியேறும். மாடியறையின் கதவைத் தட்டாமலே உள்ளே வரும். அதன் பின்னால் எப்போதும் ஒரு வேலை கைகட்டி நிற்கும். அவருடைய மனைவி வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவர். நீளத் துணியின் ஒரு முனையை அம்மையார் பிடித்தால், மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்பது திருமணத்தன்றே முடிவாகிவிட்டது.

பிறர் செய்த பிழைகளைத் திருத்தித் திருத்தியே அவர் கண்கள் களைத்திருந்தன. முழங்கால்களும் அவற்றோடு ஒத்துழைத்தன. ஆகவே அழைப்பு வந்தாலும் அவர் அசையமாட்டார். மூன்றாவது அழைப்புக்குப் பிறகு, மெல்ல இறங்கி வருவார்.

"எத்தன தடவ கூப்பிடுறது?"

"கூப்பிட்டியாம்மா? ஃபேன் சத்தத்துல காதுல விழல."

மின்சாரம் இல்லாத நாள்களிலும் அவர் இதே பதிலைச் சொன்னதுண்டு.

இப்படி இருக்கையில் பதிப்பகத்திலிருந்து செய்தி வந்தது. இனித் தாளில் பக்கங்கள் வாரா. எல்லாம் பதிப்பகத்தின் தளத்திலேயே இருக்கும். திரையில் படித்து, திரையிலேயே திருத்த வேண்டும். அவரிடம் இருந்ததோ பொத்தான் வைத்த பழைய கைப்பேசி. வேறொருவராயின் கலங்கியிருப்பார். இவர் உள்ளம் குளிர்ந்தார். பெரிய டேப்லெட் ஒன்று வாங்க வேண்டும். மாடியறையில் தாழிட்டுக்கொள்ள வேண்டும். "அவசர வேல" என்று ஒரு சொல் சொன்னால் போதும், எவரும் அழைக்க முடியாது. முத்தி என்பது இவ்வுடல் நீங்கிய பிறகே கிட்டும் என்றுதான் அவர் படித்திருந்தார். மாதத் தவணையில் கிட்டும் என்று இப்போதுதான் தெரிந்தது.

"நானும் கடைக்கு வர்றேன்," என்றார் மனைவி.

கடையில் விற்பனையாளர் எடுத்து வைத்த டேப்லெட் ஒரு சிறிய சன்னல் அளவு இருந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றும் நெல்லிக்காய் போல் நின்றன. பிழைதிருத்துபவர் அதனைக் கண்ணாரக் கண்டு நின்றார். மனைவியோ அதைக் கவிழ்த்துப் பார்த்தார். மறுபக்கம் பாராமல் எதையும் வாங்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

"ஏம்ப்பா, இயர்போன் குத்துற ஓட்ட எங்க?"

"இதுல வராது மேடம்."

"மெமரி கார்டு?"

"போட முடியாது மேடம்."

"வெரல வச்சா தொறக்குமா?"

"நம்பர் போட்டுத்தான் தொறக்கணும்."

"பின்னாடி கேமராவுக்கு லைட்டு?"

"அதுவும் இல்ல மேடம்."

"இம்மாம் பெருசா செஞ்சவங்களுக்கு, ஒரு ஓட்ட போட எடம் இல்லாமப் போச்சா?"

முத்தி கைநழுவுவதைப் பிழைதிருத்துபவர் கண்டார். பரம்பொருளைச் சான்றோர் எவ்வாறு உணர்த்தினர்? இது அன்று, இது அன்று என்று ஒவ்வொன்றாய் விலக்கித்தானே? அதே வழியில் இந்தப் பலகைக்காகவும் வாதிடலாம் என்று துணிந்தார்.

"இங்க பாரும்மா. ஓட்ட இல்லன்னா தூசி போகாது. கார்டு இல்லன்னா கண்ட கண்டதையும் சேத்து வைக்க மாட்டேன். வெரல் எதுக்கு? நான் என்ன பத்திரத்துலயா கைநாட்டு வைக்கப் போறேன்? லைட்டு எதுக்கு? இதத் தூக்கிட்டுத் திருடனா பிடிக்கப் போறேன்? இல்லாததெல்லாம் ஒரு கொறையா? எனக்கு வேண்டியது பெரிய எழுத்து. அது இருக்கு."

விற்பனையாளர் அவரை வணக்கத்துடன் நோக்கினார். "சார், இந்த மாதிரி பேச எங்களுக்கே யாரும் சொல்லித் தரல."

மனைவி கடைசியாக ஒன்று கேட்டார். "சிம் போடலாமா?"

"இதுல முடியாது மேடம். சிம் போடுறதும் வச்சிருக்கோம். வெல கொஞ்சம்தான் கூட. எடுக்கட்டுமா?"

பேச்சின் வெள்ளத்தில் இருந்த பிழைதிருத்துபவருக்குக் கரை தெரியவில்லை. "சிம்மா? அது இருந்தா யாராவது கூப்பிட்டுட்டே இருப்பாங்க. யாரும் கூப்பிடாத எடத்துல உக்காரணும்னுதானே இத வாங்குறேன்!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மனைவி அவரைத் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்தார். புதிய சன்னலுக்குத் துணி அளக்கும் பார்வை அது.

"அப்ப இதையே குடுப்பா. அவருக்கு இதுதான் சரி."

"மேடம், வீட்ல நெட்டு..."

"அத நாங்க பாத்துக்குறோம்."

பெட்டியை மார்போடு அணைத்து நின்றவரின் செவியில் இந்த இரண்டு வரிகள் ஏறவே இல்லை.

வீடு வந்தார். மாடியேறினார். தாழிட்டார். திரையைத் திறந்தார். 'இணைப்பு இல்லை' என்று வந்தது, பெரிய எழுத்தில், ஒரு பிழையும் இல்லாமல். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். அப்போதும் இல்லை. இறங்கி வந்தார்.

"கடையில நல்லா வேல செஞ்சுச்சேம்மா?"

"அது கடை நெட்டுங்க. இதுக்குள்ள சிம் இருக்கணும், இல்ல வீட்டுக்குன்னு ஒரு நெட்டு இருக்கணும். வீட்டுக்கு எடுக்கலாம்னு நான் சொன்னப்பல்லாம் வெட்டிச் செலவுன்னது யாரு?"

அவரேதான்.

"உன் போன்ல இருக்கே?"

"இருக்கு. ஹாட்ஸ்பாட்ட தொறந்து விடுறேன், வேல பாருங்க." முகத்தில் கருணை பொழிந்தது.

வேண்டியது கிட்டிய அடியாரைப் போல் அவர் படியேறினார். வளைவைக் கடந்ததும் இணைப்பு அறுந்தது. ஒரு படி இறங்கினார். வந்தது. ஏறினார். போனது. திறந்து வைத்த பக்கமும் அதனோடு போனது.

"போன நான் மேல எடுத்துட்டுப் போகட்டுமா?"

"ஆர்டர் குடுக்குறவங்க கூப்பிடுவாங்களே. நீங்கதானே யாரும் கூப்பிடாத எடத்துல இருக்கணும்னீங்க?"

ஆகவே அவர் தையல் இயந்திரத்தின் அருகே நாற்காலி போட்டு அமர்ந்தார். அமர்ந்தவர் கை சும்மா இருக்குமா? "இந்த ஓரத்தப் பிடிங்க. இழுக்காதீங்க, பிடிங்க." ஒரு கையில் பலகை, மறுகையில் திரைச்சீலை. மாலையில் சொற்பொழிவு கேட்கலாம் என்றால் காதில் மாட்ட வழியில்லை. பலகைக்குள்ளிருந்து பெரியவர் ஒருவர் பற்றை விடுவது எப்படி என்று வீடு முழுவதும் கேட்க விளக்கினார்.

"அவர் அப்படித்தான் சொல்வாரு. நீங்க துணிய விட்டுடாதீங்க," என்றார் மனைவி.

அம்மையார் கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டு துணி உலர்த்தக் கொல்லைக்குப் போனால், இவரும் சன்னல் அளவுப் பலகையைச் சுமந்து பின்னே போனார். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே தலை நீட்டினார். "என்ன சார், இந்த வயசுலயும் வீட்டம்மாவ விட்டு ஒரு நிமிஷம் இருக்க மாட்டேங்குறீங்க?"

அவர் பலகையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

சிம் போடும் டேப்லெட்டாக மாற்றிக்கொள்ளலாமா என்று ஒருநாள் மெல்லக் கேட்டும் பார்த்தார். "இல்லாததெல்லாம் ஒரு கொறையாங்க?" என்று பதில் வந்தது. அவருடைய சொற்களே. ஒற்றுப்பிழைகூட இல்லை.

பிறகு ஒரு பிற்பகல். பதிப்பகம் ஒரு நூலின் கடைசிப் பக்கத்துக்காகக் காத்திருந்தது. படிக்கட்டின் வளைவில், தமக்கு மிஞ்சிய சுதந்திரத்தின் எல்லையில், அவர் அமர்ந்திருந்தார். கடைசி வரியைத் திருத்தி, அனுப்பும் பொத்தானை நோக்கி விரலை நீட்டினார். இணைப்பு போனது.

"ஏம்மா!"

மறுமொழி இல்லை.

"ஏம்மா, நெட்டு போயிடுச்சு!"

ஓர் அசைவும் இல்லை.

"ஏம்மா!" என்று மூன்றாம் முறையும் கூவிவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி இறங்கி வந்தார். தையல் இயந்திரம் உறை போட்டு மூடியிருந்தது. மனைவி சாய்வு நாற்காலியில் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு, கால் நீட்டி அமர்ந்திருந்தார்.

"கூப்பிட்டீங்களா?" என்றார் நிமிர்ந்து. "மெஷின் சத்தத்துல காதுல விழல."