ஆஸ்பத்திரி வாசலுக்கு ஏற்ற மரம்

"மேடம், இன்னொருத்தரு விழுந்துட்டாருங்க," என்று வாசல் காவலாளி அய்யாசாமி வந்து சொன்னபோது, ஷெர்லி அன்றைக்கு இரண்டாவது முறையாக டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினாள்.

விழுந்தவர் நோயாளி அல்ல. மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டு வெளியே காத்திருந்தவர். உள்ளே கூடம் சின்னது. ஒரு நோயாளிக்குத் துணையாக ஒருவர்தான் இருக்கலாம். மற்றவர்களுக்கு வாசல்தான். வாசலில் சிமென்ட் தரை, தலைக்கு மேலே ஏப்ரல் வெயில். முந்தின நாள் பெய்த கோடை மழையில் தரை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே எடுத்து வந்தபோது, அப்பா கேஷுவாலிட்டியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தார். கடைசியில் குழந்தைதான் போய் அப்பாவைப் பார்த்தது.

நஞ்சன்கூடு ரோட்டில், மைசூர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் டாக்டர் எட்வர்ட் கட்டிய ஆஸ்பத்திரி அது. திறந்த நாளிலிருந்து ஷெர்லிதான் அங்கே தலைமை நர்ஸ். டாக்டர் அவளைக் கூப்பிட்டார்.

"இதென்ன ஷெர்லி? உள்ள வர்றவங்க குணமாகி வெளிய போறாங்க. வெளிய நிக்கிறவங்க மயக்கம் போட்டு உள்ள வர்றாங்க. வாசல்ல மரம் வச்சிடுங்க."

"நானா டாக்டர்?"

"உங்க பால்கனி நிறைய தொட்டி வச்சிருக்கீங்கல்ல?"

"அது புதினா டாக்டர்."

"புதினா வர்ற கைக்கு மரமும் வரும். நம்ம ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் ஒத்து வர்ற மரமா பாருங்க."

ஷெர்லிக்கு எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. அதுதான் அவளுடைய பெருமையும் கஷ்டமும். மறுநாளே நர்சரிக்குப் போனாள். நர்சரிக்காரர் தொட்டையன் தமிழும் கன்னடமும் கலந்து பேசுகிறவர். எந்தச் செடியைக் காட்டினாலும் ஒரே பதில்தான் சொல்வார்.

"இதா மேடம்? நம்ம மைசூர் ஹவாமானத்துக்குன்னே, இந்த வெயிலு மழைக்குன்னே பொறந்தது."

அவர் முதலில் காட்டியது ராயல் பாம். வழவழவென்று சாம்பல் நிறத் தூண் மாதிரி உயரம், உச்சியில் ஒரு கொத்து ஓலை. "அரண்மனை லுக்கு வரும்," என்றார். வளர்ந்த மரங்களையே கிரேன் வைத்துக் கொண்டுவந்து வாசலில் வரிசையாக நட்டார்கள். டாக்டர் வெளியே வந்து பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் பார்த்தார். "பிரமாதம்," என்றார்.

வெயில் ஏறியதும்தான் சங்கதி தெரிந்தது. ஒவ்வொரு மரமும் ஒரு கோடு அளவுக்குத்தான் நிழல் தந்தது. அந்தக் கோட்டுக்குள் நிற்க ஜனங்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். கோடு நகர நகர வரிசையும் நகர்ந்தது. புதிதாக வந்தவர்கள் டோக்கன் வரிசை என்று நினைத்துப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். பல் வலியோடு வந்த ஒரு அம்மாள் காலை முழுவதும் வரிசையில் நின்று, கடைசியில் மரத்தண்டில் போய் முட்டிக்கொண்டாள்.

"கவுன்ட்டர் எங்கப்பா?" என்று அய்யாசாமியைக் கேட்டாள்.

"இது நெழலுக்கு நிக்கிற வருசைங்கம்மா. டோக்கன் அங்கெ உள்ள குடுக்கறாங்க."

அந்த அம்மாள் அய்யாசாமியை ஏசியது மகப்பேறு வார்டு வரை கேட்டது.

பனைகளை கேட் ஓரமாக மாற்றிவிட்டு, ஷெர்லி மறுபடியும் தொட்டையனிடம் போனாள். "அகலமா நிழல் வேணும். சீக்கிரம் வளரணும்."

"சிங்கப்பூர் செர்ரி மேடம். ஒரு வருஷத்துல பந்தல் போட்டுரும். நம்ம ஹவாமானத்துக்குன்னே..."

"பொறந்தது. தெரியும். கொடுங்க."

சொன்னபடியே ஒரு வருஷத்தில் பந்தல் போட்டது. நிழலும் விழுந்தது, பழமும் விழுந்தது. சின்னச் சின்னச் சிவப்புப் பழம், உள்ளே தேன். பகலில் கிளியும் குயிலும் வந்தன. பொழுது சாய்ந்ததும் வௌவால்கள் வந்தன. டாக்டரின் வெள்ளைக் கார் வெள்ளையாக இருப்பதை விட்டுவிட்டது. அதைக்கூட டாக்டர் பொறுத்துக்கொண்டார். ஒரு நாள் குழந்தைகள் வார்டில் ஊசி போடுகிற நேரத்துக்கு ஷெர்லி போனாள். கட்டில்கள் அத்தனையும் காலி. கலவரத்தோடு வெளியே ஓடி வந்து அண்ணாந்து பார்த்தாள். மொத்த வார்டும் மரத்தின் மேலே இருந்தது.

"எறங்குங்க கண்ணுகளா," என்று அய்யாசாமி கீழே நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஊசி இல்லேன்னு சொல்லுங்க, எறங்குறோம்," என்று மேலேயிருந்து குரல் வந்தது.

மறுவாரம் செர்ரி போயிற்று.

"பழமே இல்லாத மரம் கொடுங்க," என்றாள் ஷெர்லி. "பறவை வரக் கூடாது, குழந்தை ஏறக் கூடாது, இலை உதிரக் கூடாது."

தொட்டையன் இந்தத் தடவை கொஞ்சம் யோசித்தார். பிறகு ஏழிலைப்பாலையைக் காட்டினார். குடை மேல் குடை அடுக்கினாற்போல் கிளை, பளபளக்கும் பச்சை. ஓரளவு வளர்ந்த மரங்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆறு மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை. ஷெர்லி டீயைச் சூடாகக் குடித்தாள்.

தசரா முடிந்து பனி விழத் தொடங்கியதும் ஏழிலைப்பாலை பூத்தது. ஒரு பூவை முகர்ந்தால் வாசனை. ஒரு கொத்தை முகர்ந்தால் தலைசுற்றல். மரம் முழுக்க, அதுவும் வரிசையாகப் பூத்தால் என்ன ஆகும் என்பதை மைசூரில் முதலில் கண்டுபிடித்தது அந்த ஆஸ்பத்திரிதான். இளைப்புக்காக வந்தவர்களுக்கு இளைப்பு கூடியது. இளைப்பே இல்லாதவர்கள் தும்மினார்கள். தையல் போட்டவர்கள் தும்மப் பயந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார்கள். டாக்டர் எட்வர்ட் இரண்டு மாஸ்க்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு பேசினார். அதனால் அவர் திட்டியது ஷெர்லிக்குப் பாதிதான் புரிந்தது. அதுவே போதுமாக இருந்தது.

அன்று மாலை அவள் வாசலுக்கு வந்தபோது ஒருவரையும் காணோம்.

"எங்க போனாங்க எல்லாரும்?"

அய்யாசாமி சங்கடத்தோடு கிழக்குப் பக்கம் கையைக் காட்டினார். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நஞ்சுண்டசாமியின் நிலம். அங்கே ஒரு பெரிய மரம் நிற்பது ஷெர்லிக்குத் தெரியும். மாடி ஜன்னலில் தினமும் கண்ணில் படுகிற ஒரு பச்சைக் குவியல், அவ்வளவுதான்.

"வேண்டாம்னு சொன்னனுங்க மேடம். கேக்க மாட்டீங்கறாங்க. ட்ரிப்ஸ் கம்பியத் தள்ளிட்டு ஒரு பேசன்ட்டும் போயிட்டாருங்க."

ஷெர்லி கோபமாகத்தான் கிளம்பினாள். ரோட்டைச் சுற்றி, வேலி இடைவெளியில் நுழைந்து, "எல்லாரும் எந்திரிங்க" என்ற வாக்கியத்தை வாயில் தயாராக வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நிழல் தொடங்கிய இடத்தில் வாக்கியம் நின்றுவிட்டது.

அது தூங்குமூஞ்சி மரம். பத்துப் பேர் கைகோத்தாலும் எட்டாத அடிமரம். அதிலிருந்து பிரிந்த கிளைகள் ஒவ்வொன்றுமே ஒரு மரம் அளவுக்கு இருந்தன. அவை மேலே போகாமல் பக்கவாட்டில் போயின. போய்க்கொண்டே இருந்தன. எங்கே முடிகின்றன என்று பார்க்க அவள் தலையை முழுவதுமாகத் திருப்ப வேண்டியிருந்தது. கிளைகளின் முதுகில் பெரணிச்செடிகள் வரிசையாக முளைத்திருந்தன. கீழே நாற்பது, ஐம்பது பேர் இருந்தார்கள். ஆனாலும் கூட்டமாகத் தெரியவில்லை. ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை. ஒரு கிழவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். ட்ரிப்ஸ் கம்பிக்காரர் கம்பியை வேரில் சாய்த்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பணி நேரத்தில் உட்கார்ந்தறியாத ஷெர்லி, ஒரு வேர்மேல் உட்கார்ந்தாள்.

வெளிச்சம் சாயச் சாய மரத்துக்குள் ஏதோ நடந்தது. இலைகள் ஒவ்வொன்றாக, ஜோடி ஜோடியாகக் கைகூப்பத் தொடங்கின. கிளைக்குக் கிளை அது பரவியது. பச்சைக் கூரையாக இருந்தது சல்லடையாகி, அதன் வழியே ஆகாயம் இறங்கி வந்தது. ஷெர்லிக்கு முதுகுத்தண்டு சிலிர்த்தது. எவ்வளவு பெரிய உயிர், எவ்வளவு சத்தமில்லாமல் தூங்கப் போகிறது. நர்ஸாக அவள் ஆயிரம் பேரைத் தூங்கவைத்திருக்கிறாள். இப்படி ஒருவரும் தூங்கியதில்லை.

"யாரு மேடம் நீங்க?"

பின்னால் நஞ்சுண்டசாமி. வெள்ளை வேட்டி, முகமெல்லாம் கோபம்.

"சார், நான் பக்கத்து ஆஸ்பத்திரி..."

"கொத்து, கொத்து. தெரியும். இது நம்ம ஜாகா. உங்க வெயிட்டிங் ஹால் இல்ல. பாருங்க, சோத்துப் பொட்டலம், பிளாஸ்டிக்கு, பாட்டிலு. நேத்து என் போர்வெல் பைப்புல யாரோ துணி தொவச்சிருக்காங்க."

"நாளைக்கே சுத்தம் பண்ணிடறோம் சார். இனிமே ஒருத்தரும் வராம பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துக்க வேண்டாம். மரம் இருந்தாத்தானே வருவாங்க? நாளைக்கு மரத்தையே எடுத்துடறேன்."

அவளுடைய சமாதானம் அவருடைய கோபத்தை இன்னும் ஏற்றிவிட்டதுதான் மிச்சம். மறுநாள் மதியம் அறுப்பு மெஷினோடு ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

ஷெர்லி ஓடினாள். அவள் ஓடுவதைப் பார்த்து நர்ஸுகள் ஓடினார்கள். நர்ஸுகள் ஓடினால் ஏதோ ஆபத்து என்று ட்யூட்டி டாக்டர் ஸ்ட்ரெச்சரோடு ஓடினார். மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது நடக்க முடிந்த நோயாளிகள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். கடைசியாக, எவரும் இல்லாத ஆஸ்பத்திரியில் தனியாக இருக்கப் பிடிக்காமல் டாக்டர் எட்வர்டும் வந்தார்.

"சார், சொல்ப, கொஞ்சம் பொறுங்க," என்றாள் ஷெர்லி, மூச்சு வாங்க. "நீங்க இந்த மரத்துக்கு அடியில எப்பவாவது நின்னு மேல பாத்திருக்கீங்களா?"

"நாப்பது வருஷமா பாக்கறேன் மேடம், என் வீட்டு மாடியிலேருந்து."

"அடியிலேருந்து?"

நஞ்சுண்டசாமி ஆட்களைப் பார்த்துக் கையை அசைத்தார். மெஷின் பிடித்தவன் கயிற்றை இழுக்கக் குனிந்தான். அப்போது சாமுண்டி மலைப் பக்கமிருந்து கருமேகம் வந்து வெயிலை மூடியது. நட்டநடுப்பகல் இருண்டது.

மரம் கைகூப்பியது.

இம்முறை வேகமாக. லட்சக்கணக்கான சிற்றிலைகள், எல்லோரும் பார்த்திருக்க, உச்சியிலிருந்து கீழ்க்கிளை வரை மடிந்துகொண்டே வந்தன. மெஷின்காரன் கயிற்றை விட்டுவிட்டான். மழை வந்தது. மூடிய இலைகளுக்கு நடுவே அது தடையில்லாமல் இறங்கி, மரத்தடிப் புல்லை ஒரு அங்குலம் விடாமல் நனைத்தது. தன் காலடிக்குத் தண்ணீர் போகட்டும் என்று மரம் வழிவிட்டு நிற்பது போலிருந்தது. நர்ஸும் நோயாளியும் அறுக்க வந்தவர்களும் நனைந்துகொண்டே அண்ணாந்து நின்றார்கள். டாக்டர் எட்வர்ட் மெதுவாக அருகே போய், காய்ச்சல்காரர் நெற்றியில் வைப்பதுபோல அடிமரத்தில் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவே இல்லை.

வெகுநேரம் கழித்து நஞ்சுண்டசாமி, "இது இப்பிடிச் செய்யும்னு எனக்குத் தெரியாது," என்றார். குரல் இறங்கியிருந்தது. வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது மழைத்தண்ணீர்தானா என்பதை ஷெர்லி உற்றுப் பார்க்கவில்லை.

"சார்," என்றார் டாக்டர், "இந்த மரத்தையும் இது நிக்கிற இடத்தையும் எங்களுக்குக் கொடுத்துடுங்க. சுவரை இடிச்சு உள்ள சேத்துக்கறோம். உங்க அம்மா பேர்ல ஒரு பெஞ்சு போடறோம்."

நஞ்சுண்டசாமி பெரிய மனசு பண்ணினார். ஒரு வாரம் யோசித்து, மனைவியிடம் பேசி, குலதெய்வத்துக்கு விளக்கேற்றி, பிறகு சம்மதம் சொன்னார். இடத்தை அளக்க சர்வேயர் சந்துரு வந்தார். கொள்ளேகால் பக்கத்து ஆள், அதிகம் பேசாதவர். டாக்டர் பூங்கொத்தோடும், நஞ்சுண்டசாமி தானம் கொடுக்கிறவரின் கம்பீரத்தோடும் மரத்தடியில் நின்றார்கள். ஷெர்லிக்கு மனசு நிறைந்திருந்தது. பனை, செர்ரி, பாலை எல்லாம் தோற்றாலும் கடைசியில் சரியான மரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டாள்.

சந்துரு ஒருமுறை அளந்தார். தலையைச் சொறிந்துகொண்டு மறுபடியும் அளந்தார். மரத்தைத் தாண்டிப் புதருக்குள் போய், மண்வெட்டியால் எதையோ கிளறிப் பார்த்துவிட்டு, கையிலிருந்த மண்ணைத் தட்டியபடி திரும்பி வந்தார்.

"ஏனுங்க டாக்டர், எல்லைக்கல்லு அந்தப் பொதருக்குள்ள இருக்குதுங்க," என்றார். "மரம் மொத நாள்லருந்தே உங்க ஆஸ்பத்திரிக்குள்ளதான் நிக்குது, நீங்கதான் அத வெளிய தள்ளிச் செவுரு கட்டீருக்கறீங்க."