முகில் நாளில் வெந்த முதுகு

தேயிலைத் தோட்டக் கந்தோர்,
ஸ்பிரிங்வெளி, பதுளை.
16-10-1956

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு, மருமகன் தர்மராசா பணிவன்புடன் எழுதிக்கொள்வது. முதுகைத் தவிர நான் சுகம். தாங்களும் மாமியும் ஞானேஸ்வரியும் சுகமாயிருக்க நல்லூர் முருகனை வேண்டுகிறேன். குப்புறப் படுத்து எழுதுவதால் எழுத்துக் கோணலாயிருக்கும், பொறுத்தருளவும்.

"சூரியன் முகங்காட்டாத ஊருக்குப் பிள்ளையை எப்பிடி விடுறது?" என்று தாங்கள் கேட்டு, கலியாணம் முடிந்த மூன்றாம் கிழமை ஞானேஸ்வரியை அங்கேயே விட்டு நான் தனியே திரும்பி எட்டு மாதமாகிறது. இங்கே வெயிலுண்டு என்பதற்கு இப்போது என் முதுகிலேயே ஆதாரம் இருக்கிறது.

சனிக்கிழமை முழுக்குக்கென்று லீவு போட்டு, தாங்கள் அனுப்பிய நல்லெண்ணெயை உச்சி முதல் உள்ளங்கால் வரை பூசிக்கொண்டு, நம் ஊர் வழக்கப்படி இளவெயில் காய முற்றத்தில் குந்தினேன், வானமெல்லாம் மெல்லிய வெள்ளை முகில், குளிர் வேறு, வெயிலைக் காணோம், வரட்டும் என்று ஒன்பது மணிக்கு இருந்தவன் வரட்டும் வரட்டும் என்று பன்னிரண்டரை வரை இருந்துவிட்டேன், ஊரில் இருந்த அந்த மூன்று கிழமையும் ஞானேஸ்வரி கிணற்றடியிலிருந்து "காணும், எழும்பி வாங்கோ" என்று கூப்பிடுவாள், இங்கே கூப்பிட யார் இருக்கிறார்கள், கடைசியில் கொழுந்து நிறுக்கப் போன கருப்பம்மாதான் "கிளாக்கரய்யா, முதுகு வெந்து கெடக்குதுங்களே, யாருக்காக ஒக்காந்திருக்கீங்க?" என்று அலறினாள். வெயிலுக்காக என்றேன். சிரித்துக்கொண்டே போய்த் தொழிலாளர் லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

தோட்டத்து டிஸ்பென்சர் மர்ஸூக் தடவிய மருந்தைவிடப் பேசிய பேச்சு அதிகம். "மெல்லிய முகில் சூட்டைத்தான் கொறைக்கும். தோலைச் சுடுற ஊதா கடந்த கதிர் கண்ணுக்குத் தெரியாம அதுக்குள்ளால பாதிக்கு மேல வந்துரும். மலை ஒசரம் வேற. போன மாசம் மானாப் புல்லு எரிஞ்ச புகை மூடிக் கெடந்து கொஞ்சம் தடுத்துச்சு. மழை பேஞ்சு அதையும் கழுவிட்டுது" என்றார். போன மாதம் இதே முற்றத்தில் இருந்து ஒன்றும் ஆகாமல் முழுகியது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

ஆகவே மாமா, வெயில் தெரியாத நாளிலும் இங்கே வெயில் இருக்கிறது. ஞானேஸ்வரியை அனுப்பப் பயப்பட வேண்டாம். அவசரமுமில்லை. தனியே சமைத்து, தனியே சாப்பிட்டு, சுவரோடு பேசவும் பழகிவிட்டேன். தங்களுக்கு வசதியானபோது அனுப்பினால் போதும். மாமிக்கு என் நமஸ்காரம்.

தங்கள் கீழ்ப்படிவுள்ள மருமகன்,
தர்மராசா

பி.கு.: அவசரமில்லை என்று எழுதியது பொய். மருந்து பூச என் கை எட்டாத இடம் முதுகின் நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு இருக்கிறது, மாமா. வெள்ளிக்கிழமை ஸ்டேசனுக்குப் போய்க் கோச்சியேறி நானே வருகிறேன். திரும்ப இரண்டு சீட்டுத்தான் எடுப்பேன். தாங்கள் சம்மதிக்காவிட்டால் ஒன்றும் எடுக்காமல் தங்கள் வீட்டிலேயே இருந்துவிடுவேன்.