நாற்பது பக்க நோட்டும் ஒரு பைப் ரெஞ்சும்

என் மச்சானைக் கதையில் போட்டு மானத்தை வாங்குவது என்று நான் முடிவெடுத்தபோது எனக்கு வயது அறுபத்தாறு. கொஞ்சம் தாமதம்தான். கோபம் மட்டும் தாமதமில்லை. அதற்குப் பதினோரு வயது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் சொந்தமாக வீடு கட்டினார். நான் அப்போதே முப்பது வருஷம் பழுத்த பிளம்பர். எந்தத் தெருவில் எந்தக் குழாய் எந்தப் பக்கம் வளைகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அப்படிப்பட்ட ஆள் குடும்பத்துக்குள்ளேயே இருக்க, அவர் வெளியாளை வைத்துக் குழாய் போட்டார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு நிறுத்தினேன் பேச்சை. அந்த வீடு கண்ணில் படக்கூடாதென்று ரெண்டு தெரு சுற்றித்தான் கடைக்குப் போவேன். முட்டி வலிக்கும். வலிக்கட்டும்.

எங்கள் வீட்டில் ஒரு வாரப் பத்திரிகை வாங்குகிறோம். மனைவி படிப்பாள். நான் அதன்மேல் டீ டம்ளர் வைப்பேன். ஒரு நாள் டம்ளரை எடுத்தபோது, கறை வட்டத்துக்கு நடுவில் சிறுகதைப் போட்டி அறிவிப்பு. மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். மச்சான் அந்தப் பத்திரிகையை அட்டையிலிருந்து அட்டை வரை படிக்கிறவர். எனக்குப் பொறி தட்டியது.

நான் ஆறாவது வரை படித்தவன். இருந்தாலும் முதல் வரி சுலபமாக வந்தது: 'ஓர் ஊரில் ஒரு துரோகி இருந்தான்.' இரண்டாவது வரி மூன்று நாளாகியும் வரவில்லை.

அறிவிப்புக்குக் கீழே யோசனை சொல்லியிருந்தார்கள். கதையைத் தேடி எங்கும் அலைய வேண்டாம், உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பையில் ஒரு நோட்டு வையுங்கள். மூடிக் கிடக்கிற கதவைத் திறந்து பாருங்கள். சத்தம் கேட்டால் பின்னாலேயே போங்கள். வெகுநாள் தொடாத பொருளைத் தொடுங்கள். நான் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன்.

"கதை எழுதப் போறேன்" என்றேன், காய் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம்.

"யாரைப் பத்தி?"

"உங்க அண்ணனைப் பத்தி."

கத்தி ஒரு நொடி நின்றது. சண்டை வரும் என்று காலை ஊன்றி நின்றேன்.

"எழுதுங்க" என்றாள். "நல்லா எழுதுங்க."

நாற்பது வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் முதல் தடவையிலேயே சரி சொன்னதில்லை. அங்கேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வீட்டு வேலை எதையும் நான் தொட்டதில்லை. ஊரெல்லாம் குழாய் பிடித்துவிட்டு வருகிறவன் வீட்டிலும் குழாயையா பிடிப்பான்? 'நாளைக்குப் பார்க்கலாம்' என்பேன். ஓய்வு பெற்ற பிறகும் அதையேதான் சொன்னேன். வாய் பழகிவிட்டது.

மறுநாள் அவளாகவே வந்தாள். பரண்மேல் என் அப்பா எழுதிய பழைய கடிதம் ஏதோ கிடக்கும் என்று நினைக்கிறாளாம். கதைக்கு ஆகுமாம். ஏறினேன். மூன்று கால் நாற்காலி, கைப்பிடி போன வாளி, எங்கள் பெண் சின்ன வயதில் தூங்கிய தொட்டில் எல்லாம் கிடைத்தது. கடிதம் இல்லை.

"சும்மா அப்படியே திருப்பி வைக்காதீங்க. பொருளைத் தொட்டுப் பாக்கணும்னு போட்டிருக்கில்ல."

"தொட்டாச்சு."

"ஈரத் துணியாலே தொடுங்க."

அடுத்த நாள் பின்கதவு. ஆறு வருஷமாகத் திறக்காத கதவு. அதன் பின்னால் என்ன கதை இருக்கிறதோ என்று பெருமூச்சு விட்டாள். எனக்கும் ஆவலாக இருந்தது. கீலுக்கு எண்ணெய் விட்டு, அடிப்பக்கத்தை இழைத்து, தோளால் இடித்துத் திறந்தேன். நோட்டில் எழுதினேன்: 'கதவு. அதற்குப் பின்னால் அடுத்த வீட்டுச் சுவர்.'

ஜன்னல் கம்பியில் துருவுக்குக் கீழே என்ன நிறம் இருந்தது என்று இருவருக்கும் ஞாபகம் வரவில்லை. சுரண்டிப் பார்த்தேன். பச்சை. சுரண்டியதை அப்படியே விட முடியுமா? மாடி வீட்டு டெய்லர் இறங்கி வந்தவர் என்ன வேலை நடக்கிறது என்று கேட்டார். கதை எழுதுகிறேன் என்றேன். என் கையிலிருந்த பெயின்ட் டப்பாவைப் பார்த்துவிட்டு மறுபடி மேலே ஏறிப் போய்விட்டார்.

அப்புறம் அடுப்படிக் குழாய். பதினைந்து வருஷமாகச் சொட்டுகிறது.

"அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கேளுங்க. என்ன சொல்லுது?"

"வாஷர் தேஞ்சு போச்சுன்னு சொல்லுது."

"உள்ளே பாக்காமலே சொன்னா எப்படி?"

திறந்தேன். திறந்த குழாயை வாஷர் மாற்றாமல் மூட என் கைக்குத் தெரியாது. சத்தம் நின்றது. அவள் குழாய்மேல் கை வைத்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். எனக்கு என்னவோபோல் இருந்தது. அதையும் நோட்டில் எழுதினேன்.

கடைசித் தேதிக்கு ஒரே நாள்தான் பாக்கி. நோட்டில் முப்பத்தெட்டுப் பக்கம் நிரம்பிவிட்டது. கதை மட்டும் முதல் வரியிலேயே உட்கார்ந்திருந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டது. அவள் நோட்டை வாங்கிப் படித்தாள்.

"அண்ணன் ஏன் வெளியாளைக் கூப்பிட்டார்னு இதிலே இல்லையே."

"துரோகம். வேறென்ன?"

"அது நீங்க சொல்றது. அவர் என்ன சொன்னார்னு படிக்கிறவங்க கேப்பாங்களே."

"அவர்கிட்ட எனக்குப் பேச்சு கிடையாது."

"அப்போ கதையும் கிடையாது" என்று நோட்டை மூடிக் கொடுத்தாள்.

வெகுநேரம் யோசித்தேன். மாப்பிள்ளையாகப் போனால்தானே தோல்வி? எழுத்தாளனாகப் போகலாம். கிளம்பும்போது கையில் ஒரு துணிப்பையைக் கொடுத்தாள். கனத்தது. உள்ளே நோட்டோடு என் பைப் ரெஞ்சும் இருந்தது. எதற்கு என்றேன். பிளம்பர் கதைதானே, கூடவே இருந்தால் எழுத வரும் என்றாள். நம்பினேன்.

மச்சானுக்குத் தலைமுடி முக்கால்வாசி போயிருந்தது. நேற்றுத்தான் பார்த்துக்கொண்டதுபோல "வாங்க மாப்ளே" என்றார். நான் உட்காரவில்லை. நோட்டைத் திறந்து நின்றபடியே கேட்டேன்.

அவர் பிடரியைத் தேய்த்தார். "இனிமே சொல்லலாம்னு தங்கச்சி காலையிலேதான் போன் பண்ணுச்சு."

"எதை?"

"உங்களைத்தான் கூப்பிடுறதா இருந்தேன். தங்கச்சிதான் வேண்டாம்னு தடுத்துச்சு. 'எங்க அடுப்படிக் குழாய் நாலு வருஷமா சொட்டுதுண்ணே. அவரை நம்பினா நீ குடி போறதுக்குள்ளே உனக்குப் பல்லு விழுந்துடும்'னுச்சு."

"அதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா நீங்க தங்கச்சிகிட்டப் பேசமாட்டீங்க. ஒரே வீட்டிலே இருக்கறவ அவ. கோபம் என்மேலே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

பென்சில் நகரவில்லை. இவ்வளவு நாள் சுற்றிய தெருவெல்லாம் முட்டியில் கணக்காக வலித்தது. எவ்வளவு நல்ல கோபம். தப்பான முகவரிக்கே பதினோரு வருஷம் அனுப்பியிருக்கிறேன்.

அப்போதுதான் உள்ளேயிருந்து கேட்டது. சொட்டு. மறுபடி சொட்டு.

"அந்த வெளியாள் போட்ட குழாயா?"

"ஆமா மாப்ளே. ஒரு வாரமா தாங்கலை."

சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. பைக்குள் கை போனது. ரெஞ்சுக்கு அடியில், காகிதத்தில் மடித்து, சரியான அளவில் ஒரு வாஷரும் இருந்தது. என் சந்தோஷம் அதோடு வடிந்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் அவளிடம் கேட்கவேண்டியதை வரிசையாகத் தயார் செய்தேன். ஆனால் தெரு சுற்றாமல் நேராக வந்ததால் பாதி தயாராவதற்குள் வீடு வந்துவிட்டது.

அவள் என் கையிலிருந்து நோட்டை வாங்கினாள். பின்னட்டையின் உள்பக்கத்தைத் திருப்பினாள். அங்கே அவள் கையெழுத்தில் ஒரு பட்டியல். பரண். பின்கதவு. ஜன்னல் கம்பி. அடுப்படிக் குழாய். எல்லாவற்றுக்கும் டிக் போட்டிருந்தது. கடைசியில், 'அண்ணன்.'

"காப்பி குடிச்சீங்களா அங்கே?"

"ரெண்டு தடவை."

என் பென்சிலாலேயே அதற்கும் டிக் போட்டாள்.

சரி, போகட்டும். கதை இப்போது முழுசாகக் கிடைத்துவிட்டது. துரோகியை மட்டும் மாற்றினால் போதும். ராத்திரிக்குள் எழுதி, விடிந்ததும் தபாலில் சேர்த்துவிடலாம்.

"அந்தப் பத்திரிகையைக் கொடு. முகவரி பாக்கணும்."

கொடுத்தாள். கறை வட்டத்துக்கு மேலே இருந்த தேதியை அப்போதுதான் பார்த்தேன்.

"போன வருஷத்துதுங்க அது" என்றாள். "நீங்க டம்ளர் வைக்கறதுக்குப் புதுசையா கொடுப்பேன்?"