ஒற்றை நட்டும் தொண்ணூற்றிரண்டு கிலோவும்

என் எடையால் கழற்ற முடியாத நட்டு இந்த உலகத்தில் இல்லை என்று இருபத்தெட்டு வயதுவரை உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். அப்போது நான் தொண்ணூற்றிரண்டு கிலோ. (இப்போது எவ்வளவு என்று கேட்பது மரியாதை இல்லை.) பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் நெடுஞ்சாலை ஓரமாக எனக்கு ஒரு டயர் கடை உண்டு. கல்லும் மணலும் ஏற்றிப் போகும் லாரிகள்தான் வாடிக்கை. துருப்பிடித்த லாரி நட்டு அசையவில்லை என்றால் நீளக் கம்பியை மாட்டி, அதில் இரும்புக் குழாயைச் செருகி, குழாயின் நுனியில் ஏறி ஒரு குதி குதிப்பேன். நட்டு அழுதுகொண்டே கழன்று வரும். இதற்குத் தொழில்நுட்பம் என்று நானே பெயர் வைத்திருந்தேன்.

அக்காவின் கணவர் ஜெயசிங் அத்தான் அப்போது பூவாரில் ஒரு முதலாளி வீட்டில் டிரைவராகச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. குவைத்தில் வேலை போய், ஒன்றரை வருடம் வீட்டில் இருந்து, அக்காவின் ஜெபத்தாலும் போதகரின் சிபாரிசாலும் கிடைத்த வேலை அது. (இரண்டில் எது பலித்தது என்பதில் குடும்பத்தில் இன்றும் இரண்டு கட்சி உண்டு.) அந்த வேலை போனால் அக்கா என்ன ஆவாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் அன்றைக்கு அப்படிச் செய்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அத்தான் முதலாளியின் காரோடு கடைக்கு வந்தார். மஞ்சள் நிறம், என் இடுப்பு உயரம்கூட இல்லை. அது உறுமிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் பக்கத்து டீக்கடையில் பாதிப் பேர் எழுந்து வந்துவிட்டார்கள்.

“மக்கா, பின்னால எடது சக்கரத்துல ஆணி கேறியிருக்கு. மொதலாளி அஞ்சு மணிக்கு திருவனந்தபுரத்துல பிளேன் எறங்குவாரு. இந்த வண்டியத்தான் கொண்டுவரச் சொல்லியிருக்காரு. அடச்சுத் தா, நான் போறேன். வேற ஒண்ணும் செய்யாண்டாம், கேட்டியா?”

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஆணியைப் பிடுங்கி, ஓட்டையில் ரப்பர் திரியைச் செருகி அடைக்கப் பத்து நிமிடம் போதும். சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். வண்டியைக் கொஞ்சம் முன்னால் உருட்டினாலே ஆணி கைக்கு வந்துவிடும். ஆனால் அதற்குள் நான் அந்தச் சக்கரத்தைப் பார்த்துவிட்டேன்.

அதில் ஐந்து நட்டு இல்லை. நாலும் இல்லை. நடுவில் ஒன்றே ஒன்று, என் உள்ளங்கையைவிடப் பெரியது, சிவப்பாக ஜொலித்துக்கொண்டு இருந்தது. அத்தனை வேகத்தில் ஓடும் வண்டியின் சக்கரத்தை ஒற்றை நட்டு பிடித்து வைத்திருக்கிறது. பத்து வருடமாக ஆயிரக்கணக்கான நட்டுகளைப் பார்த்தவன், அதன் முன்னால் குந்தியிருந்து வாயைப் பிளந்தேன். மறுபக்கம் போய்ப் பார்த்தேன். அங்கே நட்டு நீலம்.

“அத்தான், இந்த நட்டக் கழத்துற சாவி எங்க இருக்கு?”

“எதுக்கு?”

“கழத்தித்தான் பாக்கணும். உள்பக்கம் டயர் கீறியிருந்தா ஆபத்தாக்கும்.” (வெறும் புளுகு.)

அத்தான் முன்மூடியைத் திறந்தார். அந்த வண்டிக்கு எஞ்சின் பின்னால், பெட்டி முன்னால். உள்ளே ஒரு துணிப்பையும் அதற்குள் அந்தச் சாவியும் இருந்தன. கையில் எடுத்ததும் ஏதோ நகைக்கடையில் நிற்கிறவன்போல ஆகிவிட்டேன். கனமான உருளை. உள்ளே பல் பல்லாகக் கடைந்திருந்தது, நடுவில் ஒரு சின்ன மூக்கு. நட்டின் மேல் வைத்து அழுத்தியதும் அந்த மூக்கு உள்ளிருந்த பூட்டைத் தள்ளிவிட்டு, ‘க்ளுக்’ என்று போய் உட்கார்ந்தது. துளிகூட ஆட்டம் இல்லை. என் கடைச் சாமான்கள் எதுவும் எதிலும் அப்படி உட்கார்ந்ததே கிடையாது. எனக்குப் புல்லரித்தது.

அத்தான் பையில் இருந்த சின்னப் புத்தகத்தைப் புரட்டினார். “பயிற்சி உள்ளவங்கதான் கழத்தணும்னு போட்டிருக்கு, மக்கா.”

“நான் யாராக்கும்?” என்றேன்.

அடுத்தது திசை. பழைய லாரிகளில் இடது பக்கச் சக்கரத்துக்கு மரை தலைகீழ். வலது பக்கம் எப்படி இறுக்குவோமோ, இடது பக்கம் அப்படித் திருப்பினால்தான் கழலும். லாரிக் கடையில் முதல் வாரமே இது கைக்கு வந்துவிடும். இங்கே இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் நீலம். இரண்டு நிறம் எதற்கு? இரண்டு திசை என்று காட்டத்தான். இதைக்கூட ஊகிக்க முடியாதவனுக்கு டயர் கடை எதற்கு என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

அத்தானை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். சாவியில் லாரிக் கம்பியை மாட்டி, கம்பியில் குழாயைச் செருகி, டீக்கடைச் சபையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குழாயில் ஏறிக் குதித்தேன். நட்டு கொஞ்சம் நகர்ந்தது. “பாத்தியளா?” என்றேன். மறுபடி குதித்தேன். இன்னும் கொஞ்சம். மூன்றாவது குதிக்கு உள்ளே எங்கேயோ ‘டக்’ என்று ஒரு சத்தம். குழாய் வழுக்கியது. பஞ்சரான டியூபை முக்கிப் பார்க்கத் தண்ணீர் நிறைத்து வைத்திருந்த தொட்டிக்குள் நான் மல்லாந்து விழுந்தேன்.

கூட்டத்தில் ஒருத்தர் எட்டிப் பார்த்து, “குமிழி வருது, எங்கயோ லீக் உண்டு” என்றார்.

அத்தான் சிரிக்கவில்லை. முகம் வெளிறிப்போய் நட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “எலே செல்வின், அது என்ன சத்தம்?” எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லத் தைரியமும் இல்லை. என் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அத்தான் புத்தகத்தின் பின்னட்டையில் இருந்த கார் கம்பெனி எண்ணுக்குத் தானே போன் செய்தார். அக்காவுக்குச் சொல்லவேண்டாம் என்று மட்டும் என்னிடம் சொன்னார். அந்த நிமிடம் என்மேல் எனக்கு வந்த வெறுப்பைக் குழாய் வைத்துத்தான் கழற்ற வேண்டியிருந்தது.

பாலராமபுரத்து நெரிசலைத் தாண்டி சர்வீஸ் வேன் வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. இறங்கியது ஒரு பெண், முப்பது வயது இருக்கும், பெயர் ஷைனி. என் தோள்வரைகூட வரமாட்டாள், மெலிந்த உடம்பு. வண்டியைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், ஈரமான என்னைப் பார்த்தாள். “சேட்டா, எங்ஙோட்டா திரிச்சது?” என்றாள்.

எந்தப் பக்கம் திருப்பினேன் என்று கையால் காட்டினேன். அவள் தலையில் கை வைத்தாள். இரண்டு பக்கமும் மரை ஒன்றுதானாம். நிறம் எந்த நட்டு எந்தப் பக்கத்துக்கு என்று அடையாளம் சொல்ல மட்டும்தானாம். கழற்றுவதாக நினைத்து நான் மூன்று குதி குதித்து இறுக்கியிருக்கிறேன். அந்த ‘டக்’, இனி இடமில்லை என்று நட்டு சொன்னதாம்.

அவள் தன் பெட்டிகளைத் திறந்தபோது நான் கிட்டே போய்க் குந்தினேன். ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்திலேயே வெட்டிய பஞ்சு மெத்தை. அளந்து முறுக்கும் ஸ்பானர் ஒன்று அவள் நெஞ்சு உயரம் இருந்தது. இன்னொன்று தேங்காய் அளவில் ஒரு பல்சக்கரப் பெட்டி. அதைச் சாவியில் மாட்டி, அதன் கையைத் தரையில் ஒரு மரக்கட்டையில் முட்டுக்கொடுத்து, ஒரு சின்னக் கம்பியை ஒற்றைக் கையால் மெதுவாகச் சுற்றினாள். தொண்ணூற்றிரண்டு கிலோ மூன்று தரம் குதித்து ஏற்றிய முறுக்கு, சத்தம் போடாமல், வம்பு பண்ணாமல், இறங்கி வந்தது. டீக்கடைச் சபை இன்னும் ஓர் அடி முன்னால் வந்தது. தேவாலயத்தில்கூட அவ்வளவு பக்தியை நான் பார்த்ததில்லை.

வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றி, நட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ரக்ஷப்பெட்டு” என்றாள். தப்பித்தோம். அத்தான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மரையைத் துடைத்து, ஆப்பச்சட்டிக்கு எண்ணெய் தடவுவதுபோல அளவாக கிரீஸ் தடவினாள். சக்கரத்தை ஏற்றினாள். அந்த நீள ஸ்பானரை இரண்டு கையாலும் சீராக இழுத்தாள். ‘கிளிக்’ என்றது. விட்டுவிடுவாள் என்று பார்த்தால், கால் சுற்று தளர்த்தி, மறுபடி அந்த ‘கிளிக்’ வரை இறுக்கினாள். பூட்டு வெளியே வந்து உட்கார்ந்ததை விரலால் தொட்டுப் பார்த்தாள். போதும் என்று ஒரு கருவியே வாய் திறந்து சொல்லும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. என் தொழிலில் போதும் என்பதை என் இடுப்புதான் சொல்லும்.

கடைசியாக ஆணியைப் பிடுங்கி, திரியைச் செருகி, டயரைச் சீக்கிரம் மாற்றச் சொன்னாள். சக்கரத்தை எதற்குக் கழற்றப் பார்த்தாய் என்று கேட்டாள். “பாக்க ஆசையா இருந்துச்சு” என்றேன். முதல்முறையாகச் சிரித்தாள். ஆனால் ரிப்போர்ட்டில் எதையும் மறைக்கவில்லை. தவறான திசையில் அளவுக்குமேல் இறுக்கப்பட்டிருந்தது என்று எழுதி, முதலாளியின் போனுக்கே அனுப்பினாள்.

அத்தான் மூன்று மணிக்குக் கிளம்பினார். “எல்லாம் செய்தது செல்வின்தான்னு சொல்லுங்க அத்தான்” என்று காரின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். “வாறேன் மக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. (என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்புவதில்லை.)

விமான நிலையத்தில் முதலாளி ரிப்போர்ட்டைக் காட்டி, யார் இது என்று கேட்டிருக்கிறார். அத்தான், “நான்தான் சார்” என்றிருக்கிறார். முதலாளி அத்தானை மேலிருந்து கீழே பார்த்திருக்கிறார். அத்தான் ஐம்பத்தாறு கிலோ.

“ஜெயசிங்கே, உன்னால இதை இவ்வளவு முறுக்க முடியாது. யாரு, சொல்லு.”

“அளியனாக்கும் சார்,” என்று அத்தான் ஒத்துக்கொண்டார். (மனைவியின் தம்பியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது.) முழுக்கதையையும், தொட்டி உட்பட, சொல்லியிருக்கிறார். நெய்யாற்றின்கரை வரும்வரை முதலாளி சிரித்துக்கொண்டே வந்தாராம். வேலை பிழைத்தது. மறுநாள் அந்தச் சாவிப் பையின் மேல் முதலாளி தன் கையாலேயே மலையாளத்தில் ஒரு சீட்டு எழுதி ஒட்டினார். அளியனிடம் கொடுக்கக் கூடாது.

அந்த வாசகம் பூவாரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வர ஒருநாள்தான் ஆனது. புது மிக்சி வந்தால் அக்கா அதைச் சொல்வாள். ஊறுகாய்ப் பாட்டில் திறக்காவிட்டால் அக்கா பிள்ளைகள் சொல்வார்கள். நானும் அளந்து முறுக்கும் ஸ்பானர் ஒன்று வாங்கிவிட்டேன். அது ‘கிளிக்’ என்னும் ஒவ்வொரு தரமும் இன்றைக்கும் எனக்குப் புல்லரிக்கத்தான் செய்கிறது.

போன வருடம் எனக்கு மகள் பிறந்தாள். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, அப்பா யார் என்று கேட்டார். இரண்டு கையையும் நீட்டினேன். எனக்குப் பின்னால் நின்ற ஜெயசிங் அத்தான் மெதுவாகச் சொன்னார்: “சிஸ்டர், அளியன்கிட்ட குடுக்கப்பிடாது.”