குனியக் கூடாத தலை

நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். ஆசை ஆசையாக முடி நட்டுக்கொண்டு வந்தவன் கையில் துடைப்பத்தைக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். பரீட்சைக்கு ஒரு பிடி முடி என்று கொடுத்துத்தான் வாங்கினேன். பட்டம் சுவரில் பளபளத்தது. அதற்குப் போட்டியாக என் தலையும் பளபளத்தது. ஆகவே பின்மண்டையில் மிச்சமிருந்ததை எடுத்து முன்மண்டையில் நட்டுக்கொண்டேன்.

"கொஞ்ச நாளைக்குக் குனியாதீங்க, பாரம் தூக்காதீங்க, வெயில்ல போகாதீங்க" என்றார் மருத்துவர்.

என்ன நல்ல மனிதர்! அதற்குப் பிறகும் ஏதேதோ பேசினார். என் காதில் ஏறவில்லை. குனியக் கூடாதென்றால் வீடு பெருக்க வேண்டாம். பாரம் கூடாதென்றால் தண்ணீர்க் கேன் தூக்க வேண்டாம். வெயில் கூடாதென்றால் காய்கறிக் கடை இல்லை. மனம் அந்தக் கணக்கிலேயே மயங்கிக் கிடந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் மூன்றையும் ஒப்பித்தேன். சொந்தமாக ஒன்றும் சேர்த்தேன்.

"பாத்திரம் கழுவக் கூடாதாம்."

"கையாலதானே கழுவுறீங்க?"

"ஆவி தலைக்கு ஏறுமாம்."

"பச்சத்தண்ணிலயா ஆவி?"

"டாக்டர் சொன்னா சொன்னதுதான்!"

"அப்படியா? பாவம்ங்க நீங்க. சாஞ்சு உக்காருங்க."

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அவள் நாலாம் வகுப்பு டீச்சர். பிள்ளைகள் சொல்லும் வயிற்றுவலியில் எது நிஜம், எது வீட்டுப்பாடம் என்று முகத்தைப் பார்த்தே பிரிப்பவள்.

முதுகுக்குப் பின்னால் தலையணைகளை அடுக்கி ராஜாவாக உட்கார்ந்தேன். அவள் பெருக்க வந்தால் காலை மட்டும் தூக்கிக்கொண்டேன். மருத்துவர் சொன்ன கெடு முடிந்தது. நானே நீட்டித்துக்கொண்டேன்.

ஒரு காலையில் பார்த்தால், தலையணை முழுக்க என் புதுப்பயிர்!

"இங்க ஓடி வா! கொட்டுது! எல்லாம் கொட்டுது!"

அவள் நிதானமாக வந்தாள். ஒரு முடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள்.

"நெனச்சேன்" என்றாள்.

"என்ன நெனச்ச?"

"இப்படி உக்காந்தே இருந்தா தலைக்கு ரத்தம் எப்படிங்க போகும்? வேருக்குச் சாப்பாடு வேணாமா?"

"யாரு சொன்னா?"

"உங்க ஆஸ்பத்திரி நர்ஸ் அக்காகிட்ட அன்னைக்கே போன்ல பேசிட்டேன்."

"குனியக் கூடாதுன்னாரே!"

"அது அப்போ. இப்போ நல்லாக் குனியணும். நின்னுக்கிட்டே துடைக்கிற மாப்பெல்லாம் ஆகாது."

குனிந்தேன். வாசல் முதல் கொல்லை வரை பெருக்கினேன். குளியலறைத் தரையைத் தேய்த்தேன். கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தபோது அடுத்த வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, எதையாச்சும் தொலைச்சுட்டீங்களா?"

"முடிண்ணே."

"அது கட்டிலுக்கடியிலயா கிடைக்குது? சொல்லவே இல்ல!"

சில மாதத்தில் முளைத்தது! புல் மாதிரி, ஆனால் முடி! அந்தப் பெருமையோடு இருவரும் மருத்துவரிடம் போனோம்.

"தினமும் பெருக்கினேன் டாக்டர்."

"எதுக்கு?"

"தலைக்கு ரத்தம் ஏறத்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நட்ட முடி முதல்ல கொட்டும், வேரு உள்ளயே இருக்கும், அப்புறம் தானா முளைக்கும்னு அன்னைக்கே விளக்கமாச் சொன்னேனே?"

மனைவி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் வெடித்தேன். "நர்ஸ் சொன்னாங்கன்னு பொய்யா சொன்ன?"

"பேசிட்டேன்னுதானே சொன்னேன்? முடி கொட்டும், பயப்படாதீங்கன்னாங்க. மிச்சத்த நான் சேத்துக்கிட்டேன். நீங்க ஆவி சேத்த மாதிரி."

"இனிமே துடைப்பத்தத் தொட்டா என்னை என்னன்னு கேளு!"

"தொடாதீங்க. எனக்கென்ன?" என்று என் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "இடது பக்கம்தான் கொஞ்சம் பின்தங்கின மாதிரி இருக்கு."

பச்சைப் பொய். எனக்குத் தெரியும். நான் படித்தவன்.

அன்று மாலை கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது, தலையை இடது பக்கமாகக் கொஞ்சம் கூடுதலாகவே சாய்த்துக்கொண்டேன்.