தாண்டக் கூடாத கோலம்

மனிதன் ஒரு காலை எடுத்து வைக்க வேண்டுமானால் மூளை முதலில் உத்தரவு போட வேண்டும். அந்த உத்தரவு எந்த வழியாகக் காலுக்குப் போகிறது என்று ஆராய தில்லியில் ஓர் அரசாங்க நிறுவனம் உண்டு. டாக்டர் அகல்யா அங்கே விஞ்ஞானி.

அவளிடம் வந்தார் கலியன். அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ரிடையரானவர். பார்க்கின்சன் நோய். சமதரையில் ஜம்மென்று நடப்பார். வாசற்படி வந்ததோ இல்லையோ, கால் ஒட்டிக்கொள்ளும். மகள் இந்திராணி மயூர் விஹாரில் ஃப்ளாட் வாங்கியிருந்தாள். தை மாதம் கிரகப்பிரவேசம். யார் கையையும் பிடிக்காமல் வலது காலை வைத்து உள்ளே போக வேண்டும், பெரியவருக்கு அந்த ஒரே ஆசைதான்.

தரையில் குறுக்கே கோடு போட்டால் இப்படிப்பட்டவர்களில் பலர் தாண்டிவிடுவார்கள். கண் பார்க்கும், மூளை வேறு வழியில் உத்தரவை அனுப்பிவிடும். பயிற்சி அறை வாசலில் நாலு டேப் ஒட்டினால் போதும். பாவம், அகல்யா அனுமதி கேட்டாள்.

"என்ன கலர் மேடம்?" என்றார் நிர்வாக அதிகாரி செந்தில்குமார்.

"வெள்ளை."

"ஜீப்ரா கிராஸிங் ஆயிடும். டிராஃபிக் போலீஸைக் கேக்கணும்."

"சரி, மஞ்சள்."

"மஞ்சள் கோட்டைத் தாண்டாதேன்னு மெட்ரோவுல தினம் தொண்டை கிழியச் சொல்றான். நீங்க தாண்டுங்கிறீங்க. ஜனங்க குழம்பிட மாட்டாங்களா?"

"சிவப்பு? பச்சை?"

"அச்சா! எலெக்‌ஷன் நேரத்துல என் வாயைக் கிளறாதீங்க மேடம்."

உடனே, அதாவது இரண்டு மாதத்தில், வண்ணத் தேர்வு உபகுழு அமைக்கப்பட்டது. உபகுழு பலமுறை கூடி, சமோசா தின்று, கண்ணுக்குத் தெரியாத கோடு சாத்தியமா என்று ஆராயும்படி அகல்யாவையே பணித்தது.

அகல்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'போங்கடா, நீங்களும் உங்க கலரும்!' என்று வீட்டிலிருந்து கோலமாவைக் கொண்டுவந்து, வாசலில் பட்டை பட்டையாகப் படிக்கோலம் இழுத்துவிட்டாள். கலியன் பார்த்தார். ஒரு கோடு, இன்னொரு கோடு என்று தாண்டி உள்ளே வந்தே விட்டார். இந்திராணி அழுதுவிட்டாள்.

செந்தில்குமாரும் பார்த்தார். மெமோ வரும் என்று அகல்யா நினைத்தாள். அவரோ கைகூப்பினார்.

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா மேடம்? நம்ம முன்னோர்களோட நியூரோ சயின்ஸ்!"

அவ்வளவுதான். டைரக்டர் கோலத்தோடு ரீல்ஸ் போட்டார். சாணக்யபுரி சீமாட்டிகள் மூளைக்கு நல்லதென்று காலையில் யோகாவை விட்டுவிட்டுக் கோடு தாண்டினார்கள். மேலிடத்திலிருந்து யாரோ பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. மாக்கோலம் ஒரே ராத்திரியில் பெயின்ட் கோலமாயிற்று. சுற்றிலும் வெல்வெட் கயிறு, நடுவில் குத்துவிளக்கு, பக்கத்தில் பலகை: 'தேசியப் பெருமைக்குரிய கோலம். மிதிக்கவோ தாண்டவோ கூடாது.'

நோயாளிகளை வராந்தாவிலேயே உட்கார வைத்தார்கள்.

மறுநாள் கிரகப்பிரவேசம் என்கிற நிலையில் கலியன் கடைசி ஒத்திகைக்கு வந்தார். மூளை போடும் உத்தரவைத் திரையில் காட்டும் கருவித் தொப்பியை அகல்யா அவர் தலையில் மாட்டினாள். கயிற்றை அவிழ்த்து வீசினாள், விளக்கை ஓரமாக நகர்த்தினாள்.

"நடங்க சார்."

திரையில் மூளை ஜோராக உத்தரவு போட்டுவிட்டது. கால் மட்டும் அசையவில்லை.

"சார், உங்க மூளை 'நட'ன்னு சொல்லுது!"

"அது சொல்லும்மா. போர்டு வேண்டாங்குதே."

"போர்டை விட்டுட்டுக் கோட்டைப் பாருப்பா, நாளைக்கு எனக்காக!" என்று இந்திராணி கெஞ்சினாள்.

"யாராவது முன்னாடி தாண்டியிருந்தா சரி. முன்மாதிரி இல்லாம எப்படி?"

பின்னால் நின்ற மற்ற நோயாளிகளும் அவர்களின் உறவினர்களும், நியாயம்தானே என்று தலையாட்டினார்கள்.

"அவ்வளவுதானே? இதோ, நான் போறேன்." அகல்யா புடவையைச் சற்றே தூக்கிப் பிடித்து, வலது காலை எடுத்தாள்.

அப்போது வராந்தாக் கோடியில் டைரக்டர் பரிவாரத்தோடு திரும்பினார். பார்வையிட வந்துவிட்டார்கள். டைரக்டர் பலகையைப் பார்த்தார், பிறகு அகல்யாவைப் பார்த்தார்.

அகல்யாவின் கால் கோட்டுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. முன்னால் போகவில்லை.

கலியன் அவளை ரொம்பப் பரிவாகப் பார்த்தார். விழுந்துவிடப் போகிறாளே என்று முழங்கையைத் தாங்கிக்கொண்டார்.

"அடடா, உங்களுக்கும் இருக்கா? எத்தனை வருஷமா டாக்டர்?"