ஏத்தின ஜீப்பும் சிவப்பு ஸ்டூலும்

முதலில் ஒரு நல்ல காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் கேலி செய்தால் பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரும் முத்தம்மாளுக்குக் காலெல்லாம் வெடிப்பு. உப்புத் தண்ணீரிலேயே நின்று பிளந்த வெடிப்பு. அதற்குள் மறுபடியும் உப்பு இறங்கினால் எப்படி இருக்கும் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். ஒரு சித்திரை மாதத்து மத்தியானம் அவள் கரையில் உட்கார்ந்து காலை ஊதிக்கொண்டிருந்தாளாம். அந்த உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் தனக்கோடி, தன் ஜீப்பைக் கழுவுவதற்கென்றே பின்னால் எப்போதும் ஒரு கேன் நல்ல தண்ணீர் வைத்திருப்பார். அதைத் தூக்கிவந்து அவள் காலடியில் வைத்தார். வண்டி கழுவியது போக மிச்சம், வீணாகக் கொட்டுவதற்கு நீ ஊத்திக்கொள் என்று சொல்லிவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். வண்டி அன்று கழுவப்படவே இல்லை. வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்த வண்டியோடுதான் வீட்டுக்குப் போனார். முத்தம்மாள் என் பூக்கடைக்கு வந்தபோது சொல்லித்தான் எனக்கே தெரியும்.

சொல்லியாகிவிட்டது. இனி பேசலாம்.

தனக்கோடி ஒரு ஆள் இல்லை, ஒரு ரகம். வண்டியை ஏத்துகிறவர்கள் என்று ஒரு ரகம் இருக்கிறது. கம்பெனிக்காரன் ஒரு உயரத்தில் செய்து கொடுத்த வண்டியை, அந்த உயரம் போதாது என்று புதுச்சேரிக்குக் கொண்டுபோய், அடியில் எதையோ கொடுத்துத் தூக்கி, இருந்த டயரைக் கழற்றிவிட்டு, மாட்டுவண்டிச் சக்கரமும் யானைக் காலும் சேர்ந்து பெற்ற பிள்ளை மாதிரி ஒரு டயரை மாட்டி, அது உள்ளே திரும்ப இடம் போதாமல் மட்கார்டையும் அறுத்துவிட்டு, ஊருக்குள் வந்து நிறுத்துவார்கள். நிறுத்தும்போது ஸ்டீரிங்கை ஒரு பக்கமாகத் திருப்பி வைப்பார்கள். டயர் வெளியே தெரிய வேண்டுமே!

இவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? சுலபம். ஒரு காலைத் தரையிலும் ஒரு காலை டயரிலும் வைத்துத்தான் பேசுவார்கள். அந்த டயருக்கு இடுகின்ற பெயரும் எண்தான், அத்தனை இஞ்ச் உயரம். "தர்ட்டி த்ரீ" என்பார் தனக்கோடி. யாரும் கேட்காமலே சொல்வார். பால் வாங்கப் போனாலும் சொல்வார், சாவு வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாலும் நாலாவது பேச்சு அதுவாகத்தான் இருக்கும். "ரோடே இல்லாத இடத்துலயும் போவும்பா" என்பார். அப்படி எங்கே போக வேண்டும் என்று கேட்டால் மட்டும் டயரைத் தட்டிக் காட்டுவார். வீட்டிலிருந்து உப்பளம் வரைக்கும் தார் ரோடு. உப்பளத்துக்குள் வரப்பில் ஏற்ற முடியாது, உடைந்துவிடும். பாத்தியில் இறக்க முடியாது, உப்புத் தண்ணீர் பட்டால் துருப்பிடித்துவிடும். ஆகவே தார் ரோட்டின் ஓரத்தில், உப்புக் குவியல் பின்னால் தெரிகிற மாதிரி நிறுத்தி, போட்டோ எடுத்து, பிறகு திருகாணி முடுக்குகிற ஸ்க்ரூடிரைவரால் டயரில் மாட்டிய சின்னக் கல்லையெல்லாம் ஒவ்வொன்றாக நோண்டி எடுப்பார். பெற்ற குழந்தைக்கு அவர் இப்படிக் காது குடைந்துவிட்டதாக யாரும் பார்த்ததில்லை.

டயர் பெரிதானால் வண்டியில் வேகம் காட்டுகிற முள்ளும் பொய் சொல்ல ஆரம்பித்துவிடுமாம். அறுபதில் போகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்க, போலீஸ்காரர் கையிலிருந்த மிஷின் அதற்கு மேலே காட்டியது. மிஷின்தான் தப்பு என்று தனக்கோடி வாதாடிப் பார்த்தார். போலீஸ்காரர் இறங்கி வந்து பேசச் சொன்னார். இறங்குவதற்கே கொஞ்ச நேரம் ஆகும் என்றார் இவர்.

பூஜை போட என் கடைக்கு எதிரே இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குத்தான் வண்டியைக் கொண்டுவந்தார். நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம் நானே பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தேன். வண்டி நகர்ந்தது. மூன்று பழம் நசுங்கியது. நாலாவது பழம் அந்த டயரில் புடைத்து நிற்கிற பட்டன் இருக்கிறதே, ஒவ்வொரு பட்டனுக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி, அதற்குள் போய் அப்படியே உட்கார்ந்துகொண்டது. முழுப்பழமாக டயரோடு ஒரு சுற்றுச் சுற்றி மேலே வந்து எங்களைப் பார்த்தது. பழம் நசுங்காமல் போனால் திருஷ்டி கழியவில்லை என்று அர்த்தம். ஓடிப்போய் இன்னொரு கட்டி கற்பூரம் ஏற்றினேன். தனக்கோடி சிரித்தார். "பாத்தியாக்கா, பழத்துக்கே வலிக்காம போவுது" என்றார்.

பழத்துக்கு வலிக்கவில்லை. அவர் வீட்டம்மா அருக்காணிக்குத்தான் முட்டி வலி. முன்னே அந்த ஜீப்பில் அந்தம்மா பாட்டுக்கு ஏறி உட்காருவார். உப்பளத்துப் பெண்களும் பின்னால் ஏறி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருவார்கள். ஏத்தினதற்கப்புறம் அந்தப் பெண்கள் நீ போய்யா, நாங்க நடந்துக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். பொண்டாட்டி அப்படிச் சொல்ல முடியுமா? ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது.

அதன் முறை இப்படி. தனக்கோடி இறங்கி, சுற்றி வந்து, ஸ்டூலைப் போடுவார். அருக்காணி அதில் ஏறி, வண்டிக்குள் ஏறுவார். ஸ்டூல் கீழேயே நிற்கும். தனக்கோடி அதை எடுத்துப் பின்னால் போட்டு, மறுபடி சுற்றிப் போய், தான் ஏறுவார். போய்ச் சேர்ந்த இடத்தில் இதே பூஜை தலைகீழாக நடக்கும். ஒருநாள் ஸ்டூலை வீட்டிலேயே மறந்துவிட்டார்கள். சந்தைக்குப் போன அருக்காணி, தேரில் உட்கார்ந்த அம்மன் மாதிரி மேலேயே உட்கார்ந்துகொண்டு, கத்தரிக்காயைக் கீழேயிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டச் சொல்லி வாங்கினார்.

இதெல்லாம் சிரிப்போடேயே போயிருக்கும். அதற்குள் மலர்கொடிக்கு மாசம் ஏறிவிட்டது.

மலர்கொடி தனக்கோடிக்கு ஒரே பெண். இடையஞ்சாவடியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கல்யாணத்தன்று அழுதுகொண்டே கிளம்பிய பெண்ணிடம் அவர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: பிரசவத்துக்கு நானே வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போவேன். ஊரே கேட்ட வாக்கு. அதற்காகத்தான் வண்டியையே ஏத்தினேன், பள்ளம் மேடு எதுவும் என் பெண்ணுக்குத் தெரியக் கூடாது என்றுகூடப் பிற்பாடு சொல்ல ஆரம்பித்தார். ஏத்திவிட்டுக் காரணம் தேடுவது இந்த ரகத்தின் வழக்கம்.

வளைகாப்புக்குப் பூ கட்டிக்கொண்டு நானும் இடையஞ்சாவடிக்குப் போயிருந்தேன். சடங்கெல்லாம் முடிந்து, இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையலோடு ஒன்பது மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு மலர்கொடி வாசலுக்கு வந்து வண்டியைப் பார்த்தாள். வண்டியின் படி அவள் இடுப்பு உயரத்தில் இருந்தது. தனக்கோடி சிவப்பு ஸ்டூலைப் போட்டார். அந்த ஊர்ச் செம்மண்ணில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள்.

சம்பந்தி சிவஞானம் பொறுமையான மனிதர். ஆனால் அன்று அவராலும் வாயை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"ஏன் சம்பந்தி, மாடிக்குக் கூட்டினு போயி மேலேர்ந்து எறக்கிடலாமா?"

தனக்கோடி மண்வெட்டி கேட்டார்.

பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சம்பந்தி வீட்டு வாசலில், கோலத்துக்கு நடுவிலேயே, நாலு டயருக்கு நாலு பள்ளம் வெட்டினார். பள்ளத்தைத் தாண்டிப் போவதற்கென்று ஏத்தின வண்டிக்கு, ஏத்தினதால் வந்த வினையைத் தீர்க்கப் பள்ளம்! வண்டியை மெல்ல அதில் இறக்கினார். சாமி சத்தியமாக, அது பழைய உயரத்துக்கே வந்து நின்றது. மலர்கொடி ஒரு காலைத் தூக்கி வைத்துச் சாதாரணமாக ஏறி உட்கார்ந்துவிட்டாள். தனக்கோடி வேர்வையைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார்.

வண்டியைக் கிளப்பினார். டயர் சுற்றியது. வண்டி நகரவில்லை. அத்தனை பெரிய பட்டனும் செம்மண்ணை வாரி வாரி, பின்னால் நின்ற பட்டுப்புடவைகள்மேல் எறிந்தது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்க வைக்கிற ஒரு கம்பி அந்த வண்டியில் உண்டு. அதைப் பற்றி அவர் ஊரெல்லாம் பேசியிருக்கிறார். தொட்டதில்லை. உப்புக்காற்றில் அது இறுகிப்போய்க் கிடந்தது. இரண்டு கையாலும் இழுத்தார். காலை உதைத்துக்கொண்டு இழுத்தார். கம்பி பிள்ளையார் சிலை மாதிரி அசையாமல் இருந்தது.

"அந்த எலுமிச்சம்பழம் மாதிரி நாமளும் இதுலயே ஒட்டிக்கினு கெடக்க வேண்டிதான்" என்றார் அருக்காணி.

மலர்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில், வலி எடுத்துவிட்டதோ என்று பெண்கள் பயந்தே போனார்கள். யாரோ ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டார்கள். அது வந்து வாசலில் நின்றது, ஆட்டோக்களுக்கே உரிய அந்தப் பணிவான உயரத்தில். மலர்கொடி இறங்கிப்போய் அதில் உட்கார்ந்தாள். தனக்கோடி மட்டும் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி வண்டியிலேயே இருந்தார். கண் நிறைந்திருந்தது. சொன்ன வாக்கு, ஊர் கேட்ட வாக்கு, பள்ளத்தில் நின்றது.

மலர்கொடி ஆட்டோவிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாப்பா அங்க ஒக்காந்துக்கினு இருக்க? நீ வந்து கூட்டினு போறேன்னுதான சொன்ன. வண்டி வரும்னா சொன்ன? வா, இப்படி ஒக்காரு."

அவர் வந்தார். ஆட்டோவில் நடுவே பெண், அந்தப் பக்கம் அருக்காணி, இந்தப் பக்கம் பாதி உடம்பு வெளியே தெரிய தனக்கோடி. வேறு வைக்க இடம் இல்லாததால் சிவப்பு ஸ்டூலை மடியில் வைத்துக்கொண்டே மரக்காணம் வரைக்கும் வந்தார்.

இப்போது ஜீப் பழைய உயரத்தில், பழைய டயரில் ஓடுகிறது. அந்தத் தர்ட்டி த்ரீ நாலும் உப்பளக் கரையில் படுத்திருக்கின்றன. வேலை முடிந்த பெண்கள் அதன்மேல் உட்கார்ந்துதான் காலைக் கழுவுகிறார்கள். பக்கத்தில் எப்போதும் ஒரு கேன் நல்ல தண்ணீர் இருக்கிறது. அது வண்டி கழுவின மிச்சம் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார். இந்த மாதிரி சோபா பாண்டிச்சேரியில்கூடக் கிடைக்காது என்றும் சொல்கிறார். ரகம் அவ்வளவு சீக்கிரம் மாறிவிடுமா?

நீங்கள் இதைப் படித்துவிட்டு, நல்ல வேளை நம்மிடம் ஜீப் இல்லை என்று நிம்மதியாக இருப்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ரோட்டை உயர்த்திப் போட்டதும் மழைத்தண்ணீர் உள்ளே வரக்கூடாதென்று என் பூக்கடையைக் கொஞ்சம் ஏத்திக் கட்டினேன். பக்கத்துக் கடைக்காரர் மூன்று படி வைத்திருந்தார். கட்டுவதே கட்டுகிறோம், இன்னும் இரண்டு இருக்கட்டுமே என்று ஐந்து வைத்தேன். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. முத்தம்மாள் இப்போதெல்லாம் கீழேயே நின்று பூ வாங்கக் கூடையைத் தலைக்கு மேலே நீட்டுகிறாள். அது அவள் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை தனக்கோடி பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு பிள்ளையாருக்கு மாலை வாங்க வந்தார். படியைப் பார்த்தார். நீட்டிய கூடையோடு நின்ற முத்தம்மாளைப் பார்த்தார். மாலையை எட்டி வாங்கிக்கொண்டு கிளம்பியவர், நாலு அடி போய்த் திரும்பி நின்று கேட்டார்:

"யக்கா, கடைய எத்தினி இஞ்ச் லிஃப்ட் பண்ணியிருக்க? அந்த ஸ்டூலு வூட்லதான் சும்மா கெடக்குது. குடுத்தனுப்பட்டா?"